குதிப்பது ஒரு நிமிடம், மடிப்பது பத்து நிமிடம்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு ஸ்கைடைவரிடம் கேட்கப்படும் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான். "பாராசூட் விரியலைன்னா என்ன பண்ணுவீங்க?" முதுகில் இன்னொன்று இருக்கிறது என்பார் அவர். "அதுவும் விரியலைன்னா?" அதற்கும் ஒரு பழைய பதில் தயாராக இருக்கிறது: சரிசெய்துகொள்ள மிச்ச ஆயுள் முழுக்க நேரம் உண்டே! கேட்டவர் சிரிப்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால், வாரம் தவறாமல் குதிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது விரியாத பாராசூட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் ஒழுங்காக விரிந்த பாராசூட்டைப் பற்றியது. இது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. விளங்க வேண்டுமானால் அவர்களுடைய ஒரு சனிக்கிழமையைப் பார்க்க வேண்டும்.

அதற்குத் தோதான ஊர் பெர்ரிஸ். தெற்குக் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பழுப்பு மலைகள், பெரும்பாலான நாள் வெயில், மழை அபூர்வம். அதனாலேயே இங்குள்ள சின்னத் தனியார் விமானத்தளம் உலகின் சுறுசுறுப்பான டிராப் ஸோன்களில் ஒன்றாகிவிட்டது. குதிப்பவர்கள் வந்து கூடுகிற, இறங்குகிற இடத்துக்கு டிராப் ஸோன் என்று பெயர். நீச்சல் குளம், 'பாம்ப் ஷெல்ட்டர்' என்ற பெயரில் ஓர் உணவகம், கீழிருந்து மேலாகக் காற்றைப் பீய்ச்சி ஆளை அந்தரத்தில் மிதக்கவிடும் விண்ட் டனல் என எல்லாம் ஒரே வளாகத்தில். இருபது பேரை ஏற்றிப் போகும் ட்வின் ஆட்டர் விமானங்கள் நாள் முழுக்க ஏறி இறங்குகின்றன. விசேஷ நாள்களுக்கென்று டி.சி.-9 ஜெட் விமானம் ஒன்றுகூட வைத்திருக்கிறார்கள்.

வருகிறவர்கள் யார்? சினிமா இந்த விஷயத்தில் அநியாயம் செய்துவிட்டது. 1991-ல் வந்த 'பாயிண்ட் பிரேக்' படத்தில் வங்கிக் கொள்ளையர்கள் ஸ்கைடைவர்களாக வருவார்கள். விழுந்துகொண்டே வாக்குவாதமும் செய்வார்கள். மணிக்கு 190 கிலோமீட்டர் காற்றில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிஜத்தில் வருகிறவர்கள் நர்ஸ், எலெக்ட்ரீஷியன், கணினிப் பொறியாளர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர். அறுபதைத் தாண்டிய குதிப்பாளர்களுக்கு ஒரு தனிச் சங்கம், எழுபதுக்கு இன்னொன்று, எண்பதுக்கு மற்றொன்று என்று வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள்தான் குறைவு, அமெரிக்காவில் ஏறத்தாழ ஏழில் ஒருவர். ஆனாலும், 2009-ல் இதே பெர்ரிஸ் வானத்தில் 31 நாடுகளைச் சேர்ந்த 181 பெண்கள் கைகோத்து ஒரே கோலமாகச் சேர்ந்து உலக சாதனை படைத்தார்கள். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான் அந்தக் குதிப்பு.

காலை எட்டு மணிக்கு வந்தவர் எட்டரைக்கே குதித்துவிடுவார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் 'மேனிஃபெஸ்ட்' கவுன்ட்டரில் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு விமானத்தில் ஏறும் கூட்டத்துக்கு 'லோடு' என்று பெயர். எத்தனையாவது லோடு என்று திரையில் ஓடும். காற்று கூடினால் எல்லாம் நின்றுவிடும். மாணவர்கள் குதிக்கலாமா என்பதற்குக் காற்றின் வேக வரம்பு உண்டு: மணிக்கு 14 மைல். உரிமம் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது; அவரவர் புத்திதான் வரம்பு. கோடையில் இந்த வறண்ட நிலத்தில் திடீர் திடீரென்று சுழல்காற்று எழும்பும். தரைக்கு ஐம்பது அடி மேலே வந்துகொண்டிருக்கும் பாராசூட்டை அது கசக்கிப் போட்டுவிடும் என்பதால், அனுபவசாலிகள் மதிய வெயிலில் வானத்தைவிடத் தரையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். நாலு குதிப்புக்காக வந்து இரண்டோடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

இந்தக் காத்திருப்பு வெட்டிப் பொழுது அல்ல. நிழற்கூரைக்குக் கீழே, சக்கரம் வைத்த பலகைகளில் பெரியவர்கள் நான்கு பேர் குப்புறப் படுத்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் உருண்டு, கையைப் பிடித்து, விட்டு, திரும்பி, காலைப் பிடிக்கிறார்கள். முதன்முறை பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும். மேலே போய்ச் செய்ய வேண்டியதன் ஒத்திகை இது. நால்வர் அணிப் போட்டியில் குதித்ததிலிருந்து 35 வினாடிக்குள் எத்தனை வடிவங்களைச் சரியாக அமைத்தார்கள் என்பதுதான் மதிப்பெண். அந்தரத்தில் நின்று யோசிக்க முடியாது. உடம்புக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.

விமானம் 12,500 அடியை எட்டக் கால் மணி நேரம்போல ஆகும். ஏறும்போதே ஒருவர் முதுகை ஒருவர் சரிபார்க்கிறார்கள்: பையை மூடியிருக்கும் ஊசி இடத்தில் இருக்கிறதா, பட்டைகள் முறுக்கியிருக்கின்றனவா, கைப்பிடிகள் மூன்றும் கைக்கு எட்டுகின்றனவா. வெளியேறும் வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. குப்புற விழும் பெரிய குழுக்கள் முதலில். தலைகீழாக வேகமாக விழுகிறவர்கள் அடுத்து. மாணவர்களும், பயிற்சியாளரோடு பிணைத்துக்கொண்டு குதிக்கும் டான்டம் பயணிகளும் அதற்குப் பின். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே எத்தனை வினாடி விட வேண்டும் என்பது மேல்காற்றைப் பொறுத்தது. எதிர்காற்றில் விமானம் ஊர்ந்தால் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே ஒருவர் தலைமேல் ஒருவர் பாராசூட்டை விரிப்பார்.

ராட்டினத்தில் வயிற்றைப் பிசையும் உணர்ச்சி இதில் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அது வருவதில்லை. விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருப்பதால், வெளியே வந்த நொடியிலேயே காற்று ஆளைத் தாங்கத் தொடங்கிவிடுகிறது. முன்னோக்கிய வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கித் திரும்புகிறது. முதல் 1,000 அடிக்குப் பத்து வினாடி, அதற்கப்புறம் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஐந்து வினாடி என்பது களத்துக் கணக்கு. ஆக, மொத்த வீழ்ச்சியும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. குறித்த உயரம் வந்ததும் குழு பிரிகிறது. ஒவ்வொருவரும் எதிரெதிர்த் திசையில் அம்புபோல் உடம்பை நீட்டி விலகி ஓடுகிறார்கள். புது உரிமக்காரர் 3,000 அடிக்குள் பாராசூட்டை இழுத்தாக வேண்டும்; எவ்வளவு அனுபவம் இருந்தாலும், தனி அனுமதி இல்லாமல் 2,500 அடிக்குக் கீழே இழுக்க அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி இடம் தருவதில்லை.

இனி மடிப்பு. பணம் கொடுத்தால் மடித்துத் தர ஆள் இருக்கிறார்கள். ஆனால், தன் பாராசூட்டைத் தானே மடிக்கிறவர்கள் ஒரு தனி சாதி. அவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்தாலே இந்த விளையாட்டின் சுபாவம் பிடிபட்டுவிடும். கம்பளம் விரித்த கூடம். துணியைத் தோளில் தொங்கவிட்டு, கயிறுகளை விரலிடுக்கில் ஓடவிட்டு, சிக்கல் இல்லை என்று உறுதி செய்கிறார். பிரேக் கயிறுகளைப் பாதியாக இழுத்துப் பூட்டுகிறார். முன்விளிம்பின் அறைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் புரட்டுகிறார். மடிப்புகளை வெளிப்பக்கமாக உதறிவிடுகிறார். கயிறுகளுக்கு நடுவே செவ்வகமாக ஒரு துணி இருக்கிறது. அதன் பெயர் ஸ்லைடர். பாராசூட் ஒரே அடியாக விரிந்து எலும்பை முறித்துவிடாமல், காற்றை எதிர்த்து மெதுவாகக் கீழிறங்கி, விரிவதைத் தாமதப்படுத்துவது அதுதான். அதை மேலே ஏற்றிச் சரியாக விரித்துவைக்காவிட்டால் அடுத்த குதிப்பில் கழுத்து பதில் சொல்லும். பிறகு துணியைச் சுருட்டித் தரையில் கிடத்தி, மேலே மண்டியிட்டுக் காற்றைப் பிதுக்குகிறார். புதுத் துணி என்றால் காற்றுப் புகாத வழவழப்பு. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் நழுவும். வியர்த்து, கெட்ட வார்த்தை பேசி, ஒருவழியாகப் பைக்குள் திணித்து, கயிறுகளை ரப்பர் பேண்டுகளில் கொக்கி கொக்கியாக மாட்டி, முதுகுப் பையை மூடி ஊசியைச் செருகுகிறார். பையை மூடும் முன் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டின் உள்கயிற்றை இழுத்து 'காக்' செய்ய வேண்டும். அதை மறந்தால் குட்டி உப்பாது, பெரியது வராது. அதைச் செய்துவிட்டோமா என்று பார்க்க ஒரு வண்ண அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் முறை மடித்தவரும் அந்த நிறத்தைப் பார்க்காமல் எழுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுமார் ஆயிரம் குதிப்புக்கு ஒன்று கோளாறாகும் என்பது பொதுவான தோராயம். அப்போது செய்ய வேண்டியது இரண்டு இழுப்பு. வலப்பக்கச் சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் சிக்கிய பாராசூட் கழன்று போகும். இடப்பக்கத்தை இழுத்தால் ரிசர்வ் பாராசூட் வரும். கேட்க எளிது. ஆனால், ஒரு முழு ஆளின் எடை தொங்கும் இணைப்பை ஒற்றைக் கையால் கழற்றுவது எப்படி? 1970-களில் பில் பூத் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த மூன்று வளைய அமைப்புதான் விடை. பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம், அதற்குள் இன்னும் சின்னது, அதைப் பிடித்திருக்கும் ஒரு துணுக்குக் கயிறு, அதற்குள் ஒரு கம்பி. ஒவ்வொரு வளையமும் சுமையைப் பல மடங்கு குறைத்துவிடுவதால், கடைசிக் கம்பியை இழுக்கக் கை வலுவே போதும்.

கையும் வராத நிலை இருக்கிறதே, மயக்கம், அடி, உயரம் மறந்துபோவது? அதற்கு 1991-ல் ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோட் 'சைப்ரஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். 750 அடி உயரத்தில் ஒருவர் இன்னும் வீழ்ச்சி வேகத்திலேயே இருந்தால், அது ரிசர்வை மூடியிருக்கும் சின்னஞ்சிறு வளையக் கயிற்றைத் தானே வெட்டிவிடும். அந்த வேகத்தில் 750 அடி என்பது தரைக்கு நான்கு வினாடித் தூரம்.

இந்தக் கருவிகளின் பலன் கணக்கில் தெரிகிறது. 1970-களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இந்த விளையாட்டில் செத்தார்கள். 2024-ல் ஏறத்தாழ 38.8 லட்சம் குதிப்புகள். இறந்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பது, பத்துப் பேர் எப்படிச் சாகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் சாவுகளில் கணிசமான பங்கு, முழுதாக, அழகாக, எந்தக் குறையுமில்லாமல் விரிந்த பாராசூட்டுக்குக் கீழே நடந்தவை. பழைய வட்டப் பாராசூட் ஒரு குடை. காற்று கொண்டுபோகிற இடத்தில் போட்டுவிடும், கணுக்கால் போகும், உயிர் பெரும்பாலும் போகாது. ஃபுளோரிடாவில் பட்டம் செய்துகொண்டிருந்த டோமினா ஜால்பர்ட் 1960-களில் வேறு மாதிரி யோசித்தார். துணியில் அறைகள் தைத்து, முன்வாயில் காற்று புகுந்து உப்பினால் அது விமான இறக்கை ஆகிவிடும் என்றார். இன்றைய சதுரப் பாராசூட் எல்லாம் அந்த யோசனையின் வாரிசு. இறக்கை என்றால் ஓட்டலாம், திருப்பலாம். திருப்பினால் அது மூக்கைக் குத்திப் பாயும். மறுபடி நிமிர உயரம் வேண்டும். தரைக்கு நூறு அடியில், குறுக்கே ஒரு வேலியைப் பார்த்துப் பதறி ஒரு பக்கக் கயிற்றைச் சடாரென்று இழுத்தால் அந்த உயரம் கிடைக்காது. வேண்டுமென்றே அப்படிப் பாய்ந்து, புல்நுனியை உரசிக்கொண்டு அசுர வேகத்தில் சறுக்கி இறங்குவதற்கு 'ஸ்வூப்' என்று பெயர். பார்க்கக் கண்கொள்ளாது. அரை வினாடி தப்பினால் ஆம்புலன்ஸ்.

மாணவருக்கு 250 சதுர அடிக்கு மேல் பாராசூட் தருகிறார்கள். கை தேர்ந்த ஸ்வூப்காரர் நூறுக்கும் குறைவான துணியில் வருகிறார். நடுவில் இருப்பவர்கள்தான் பிரச்சினை. இருநூறு முந்நூறு குதிப்பு முடித்து, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்து, துணியின் அளவைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள். டிராப் ஸோனில் ஓயாத சண்டை இதுதான். களப் பொறுப்பாளர் கூப்பிட்டுக் கண்டித்தால், என் உயிர் என் இஷ்டம் என்கிறார் இளைஞர். உன் உயிர் மட்டும் என்றால் சரி, கீழே இறங்குகிற மற்றவர் உயிர் யார் இஷ்டம் என்கிறார் பெரியவர். நான் பெரியவர் பக்கம்தான்.

மூன்று வளையம் கண்டுபிடித்த அதே பில் பூத் ஒரு விதி சொன்னார். களத்தில் எல்லோருக்கும் அது பாடம். கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, குதிப்பவர்கள் அந்த அளவுக்குப் புது ஆபத்தைத் தேடிப்போய்ச் சாவுக் கணக்கைப் பழையபடியே வைத்திருப்பார்கள் என்பது அதன் சாரம். 1990-களின் ஸ்வூப் மோகத்துக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது. ஆனால், அதன் பிறகு எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. காரணம் புதுக் கருவி மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 25 குதிப்புக்கு முதல் உரிமம்; 50 முடித்து இரண்டாவது உரிமம் வேண்டுமென்றால் இப்போது பாராசூட் ஓட்டும் பயிற்சியைத் தனியாக முடித்தாக வேண்டும். இழுப்பதையும் விழுவதையும் மட்டுமே சொல்லிக்கொடுத்த காலம் போய், இறங்குவதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பூத் சொன்னது பாதி உண்மையாகத்தான் நிற்கிறது.

ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதும் இதே ரகச் சர்ச்சை. 200 குதிப்புக்கு முன் வேண்டாம் என்பது சங்கத்தின் பரிந்துரை. ஒரு சின்ன கேமராவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கயிறு அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. படம் எப்படி வருகிறது என்ற நினைப்பில் உயரம் பார்க்கும் கருவியை மறப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு குதிப்புக்குச் சுமார் 30 டாலர் என்பது சில்லறைபோல் தெரியும். சொந்தமாகப் புது ரிக் வாங்க, அதாவது முதுகுப்பை, பிரதானப் பாராசூட், ரிசர்வ், சைப்ரஸ் எல்லாம் சேர்த்து, எட்டாயிரம் டாலரைத் தொடும். ரிசர்வைக் குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ரிக்கரிடம் கொடுத்துப் பிரித்து மடிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் 'ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் பிரீமியம் ஏறும். வீட்டில் அதைவிடப் பெரிய வரி வசூலாகும்: வார இறுதிக் கல்யாணங்கள், பிள்ளைகளின் விளையாட்டு விழாக்கள் எல்லாவற்றிலும் வானிலை அறிக்கை குறுக்கே வரும். இதை எந்தச் சாகசப் படமும் காட்டியதில்லை.

வாழ்நாளில் ஒருமுறை என்று டான்டம் குதித்துப் படம் எடுத்துப்போகிறவர்களை வாடிக்கைக்காரர்களில் சிலர் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது நன்றிகெட்டதனம். பெரும்பாலான டிராப் ஸோன்களில் விமானத்துக்கு எரிபொருள் போடுவது அந்த ஒருநாள் விருந்தாளிகள் தரும் பணம்தான். நம் நாட்டிலும் இந்தத் தொழில் அப்படித்தான் கால் ஊன்றுகிறது. விமானப் படையின் 'ஆகாஷ் கங்கா' அணி 1987-லிருந்து குதிக்கிறது. ரேச்சல் தாமஸ் 2002-ல் வட துருவத்தில் குதித்தார். புனேயின் ஷீத்தல் மகாஜன் 2018-ல் தாய்லாந்தில் ஒன்பது கெஜம் சேலையோடு குதித்தார். இருவருக்கும் பத்மஸ்ரீ. ஆனால், சாதாரணக் குடிமகன் பணம் கட்டிக் குதிக்க ஹரியானாவின் நார்னவுல் மாதிரி விரல்விட்டு எண்ணும் இடங்களே உண்டு. விமானம், வான்வெளி அனுமதி, பயிற்றுநர் மூன்றும் ஒரே இடத்தில் அமைவது இங்கே கடினம். ஆர்வம் முற்றியவர்கள் துபாய்க்கோ தாய்லாந்துக்கோ போய்த்தான் உரிமம் வாங்குகிறார்கள்.

குதிப்பவர்கள் மறக்காத ஒரு நாளும் பெர்ரிஸில் உண்டு. 1992 ஏப்ரல் 22. புறப்பட்ட ட்வின் ஆட்டரின் ஓர் இயந்திரம் கலப்பட எரிபொருளால் நின்றது. விமானம் விழுந்து, இருந்த 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். முதுகில் பாராசூட் இருந்தும் குதிக்க உயரம் இல்லை. விமானம் ஏறும்போது இருக்கை வார் போடுவதில் எல்லோரும் கறாரானது இதற்குப் பிறகுதான். பிழைத்தவர்களில் ஒருவரான டான் ப்ராட்ஸ்கி-சென்ஃபெல்ட் கழுத்து முறிந்து வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். சில ஆண்டுகளில் உலகச் சாம்பியன் அணியில் இருந்தார். பின்னாளில் பெர்ரிஸுக்கே திரும்பி வந்து பலருக்குப் பயிற்சி கொடுத்தார். அவரைத் துணிச்சல்காரர் என்று சொல்வது சுலபம். நால்வர் அணியின் 35 வினாடிக்காக நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை அதே விஷயத்தைச் செய்து பழகுவதற்குத் துணிச்சல் போதாது. அலுப்பைத் தாங்கத் தெரிய வேண்டும். மடிக்கும் கூடத்தில் மண்டியிட்டிருப்பவர்களிடமும் நான் பார்ப்பது அதைத்தான்.

கடைசி லோடு சூரியன் சாயும் நேரத்தில் இறங்குகிறது. அதுவரை யாரும் மது தொடக் கூடாது. ஒரு மிடறு குடித்தாலும் அன்றைய குதிப்பு முடிந்தது. இறங்கியதும் கணக்குத் தீர்க்கிறார்கள். இந்த விளையாட்டில் எதை முதல்முறையாகச் செய்தாலும் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதல் உரிமம், புது ரிக், தலைகீழாக முதல் வீழ்ச்சி என எதுவானாலும் சரி. 'முதல்முறையா...' என்று வாய்தவறி ஆரம்பித்தாலே பக்கத்து மேசையிலிருந்து "பீர்!" என்று குரல் வரும். சிக்கிய பாராசூட்டைக் கழற்றிவிட்டு ரிசர்வில் இறங்கியவர் மட்டும் பீரோடு தப்ப முடியாது. அவர் முதலில் வெயிலில் வயல் வயலாக அலைந்து, காற்று கொண்டுபோன தன் பிரதானப் பாராசூட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு அந்த ரிசர்வை மடித்த ரிக்கருக்கு ஒரு முழு பாட்டில். எந்த பிராண்ட் என்று அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ரிக்கரே சொல்லிவிடுவார்.